ஐஸ்பெட்டியின் முப்பத்தொரு ரோஜாச்செடிகள்

ஐஸ்பெட்டிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதை வெளியே எடுக்க வேண்டிய அவசியம் இதுவரை யாருக்கும் வரவில்லை. முப்பத்திரண்டு வருடமாக ஃபிரிட்ஜ் மெக்கானிக்காகக் குப்பை கொட்டுகிறவனை ஊர் வேறெப்படிக் கூப்பிடும்? கம்ப்ரசர் ஓடும் சத்தத்தைத் தெருவிலிருந்து கேட்டே பெட்டிக்கு என்ன வயது, இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவான். ஒரு ரோஜாச்செடியை மூக்குக்கு நேராக வைத்துக் கேட்டாலும் அது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியாது. இருபத்தாறு வருடத்தில் அவன் கையில் முப்பது செடிகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. முப்பத்தொன்றாவது செடியின் கதைதான் இது.

அவனுக்குப் பூவின் மேல் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் அவன். இருபத்தேழு வயதில் கல்யாணம் பேச மலையூருக்குப் போனான். பெண் வீட்டைச் சுற்றி வேலி நெடுக ரோஜா. பெண்ணுக்கு ஓர் அண்ணன், நர்சரி வைத்திருப்பவர். மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என் தங்கச்சி ரோஜாவுக்கு நடுவுல வளர்ந்தவ. உங்க ஊர்ல ரோஜா வருமா?" என்று கேட்டார். வராது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். சொன்னானா?

"ஏங்க வராது? கொளுத்தற வெயில்ல ஐஸையே வரவைக்கிறவன் நான். ஒரு வருஷத்துல பூக்க வெச்சுக் காட்டறேன்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். கதவோரம் நின்றிருந்த பெண்ணும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தலை கிறுகிறுத்துப்போனவன் இன்றுவரை தெளியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவன் ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். பத்து மாதம் வெயில், மீதி இரண்டு மாதம் அதைவிட வெயில். வாங்கிய வருடமே சைக்கிள் துருப்பிடித்துவிடும். புது மனைவி முதல் நாள் காலையில் டீயைக் குடித்துவிட்டு, "சர்க்கரைக்குப் பதிலா வேற எதையோ போட்டுட்டீங்க" என்றாள். ஊர்த் தண்ணீரே அப்படித்தான் என்று சொல்லிச் சிரித்தார்கள். ஆறே மாதத்தில் அவளுக்கும் பழகிவிட்டது. பிறகு அந்த வீட்டில் தண்ணீரின் ருசியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவள் வரும்போது ஈரத்துணியில் சுற்றி ஒரு ரோஜாப் பதியம் கொண்டுவந்திருந்தாள். அது பதினோரு நாள் இருந்தது. ஒன்றாம் நம்பர் செடி அதுதான். இலையின் ஓரமெல்லாம் நெருப்பில் வாட்டியதுபோல் பழுப்பாகிச் சுருண்டதைப் பார்த்து ஐஸ்பெட்டி தீர்ப்புச் சொன்னான்: "வெயில்."

அவன் தொழிலில் எல்லாக் குற்றத்துக்கும் ஒரே குற்றவாளிதான். பால் திரிந்துவிட்டதா? சூடு. மோட்டார் புகைந்துவிட்டதா? சூடு. யார் வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாகப் புறங்கையைப் பெட்டியின் முதுகில் வைத்துப் பார்த்து, "இந்தச் சுவத்துல வெயில் படுதா?" என்று கேட்பான். முப்பத்திரண்டு வருடமாக இந்தக் கேள்வி அவனுக்குச் சோறு போட்டிருக்கிறது. அதையே ரோஜாவிடமும் கேட்டான். அது பதில் சொல்லாமலேயே செத்தது.

ஆறாம் நம்பர் செடிக்குத் தினமும் மத்தியானம் வேரடியில் ஐஸ் கட்டி போட்டான். இரண்டே வாரத்தில் கையில் ஓர் இலைகூட மிச்சம் வைக்காமல் அத்தனையும் கொட்டிவிட்டது. பதின்மூன்றாம் நம்பரை, கூல்டிரிங்க்ஸ் வைக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டிக்குள் வைத்து உள்ளே ட்யூப்லைட் போட்டுப் பதினெட்டு டிகிரியில் பராமரித்தான். கடைக்கு வருகிறவர்கள் "ஒரு சோடா கொடுங்க" என்று கேட்டு, உள்ளே செடி நிற்பதைப் பார்த்துப் பயந்துபோனார்கள். ஐந்து வாரம் தாக்குப்பிடித்த செடி ஆறாம் வாரம் தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் பூஞ்சை பூசிக்கொண்டது. அந்த வீட்டில் வெள்ளையாகப் பூத்தது அது ஒன்றுதான்.

ஊரில் ரோஜாவே வளர்க்காதவர்கள் எல்லோரும் ரோஜா நிபுணர்கள். முடிதிருத்துபவர் முட்டையோட்டைப் பொடித்துப் போடச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் டீத்தூள் சக்கை என்றார். பல் டாக்டர் ஒருவர், அவர் வீட்டு ஃப்ரீசரைப் பிரித்துப் போட்டிருக்கும்போது, செடியோடு அன்பாகப் பேச வேண்டும் என்றார். ஐஸ்பெட்டி அதையும் விடவில்லை. வாசலில் குந்தி உட்கார்ந்து செடியிடம், "உனக்கு என்னதான் குறை? வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்" என்று அவன் அன்பாகப் பேசியதைத் தெருவே கேட்டது.

இருபதாம் நம்பர் செடியில்தான் மானம் கப்பலேறியது. அது வளர்ந்தது. சாதாரண வளர்ச்சியா? வீட்டுக் கூரையை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. பச்சைப்பசேல் என்று கிளை, கிளைக்குக் கிளை முள். இரண்டு வருடம் ஐஸ்பெட்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். பூ மட்டும் வரவில்லை. "பெரிய ஆளுங்க மெதுவாத்தான் வருவாங்க" என்று சொல்லிக்கொண்டான். கடைசியில் மச்சானுக்குப் படம் அனுப்பினான். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், அந்த நர்சரிக்காரர். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"மாப்பிள்ளை, அது ரோஜா இல்ல. ரோஜாவை ஒரு காட்டு முள்ளுமேல ஒட்டுக் கட்டித்தான் நாங்க அனுப்புவோம். மேல இருந்த ரோஜா எப்பவோ செத்துப்போச்சு. அடியில இருந்த முள்ளு கிளம்பி வந்திருக்கு. ரெண்டு வருஷமா நீங்க முள்ளுக்குச் சேவகம் பண்ணியிருக்கீங்க."

அன்று அவன் சாப்பிடவில்லை. மனைவி தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "முள்ளாவது வளர்ந்துச்சே" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அவளுக்கு அவ்வளவுதான் வரும்.

அவளைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். பொய் சொல்ல மாட்டாள். மாட்டாள் என்பதைவிட, வராது. ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்று போனில் கத்துகிற வாடிக்கையாளரிடம் "அவர் வீட்டுல இல்லை" என்று சொல்லச் சொல்லி ஐஸ்பெட்டி கையால் ஜாடை காட்டுவான். அவள் போனில், "இருக்கார். கட்டில்ல படுத்திருக்கார். பேச மாட்டேன்னு கையை ஆட்டறார்" என்பாள். இதனால் அவனுக்குப் போன வாடிக்கையாளர்கள் பலர். அதே காரணத்தால் அவனைத் தேடி வந்தவர்களும் உண்டு. ஐஸ்பெட்டி சொன்னால் நம்ப மாட்டார்கள், அவன் மனைவி சொன்னால் ஃபிரிட்ஜ் சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போவார்கள்.

செத்த செடிகளை அப்புறப்படுத்துவதும் அவள் வேலைதான். வீட்டுக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஆள் அகலத்தில் ஒரு சந்து. உதிரிப் பாகம் கழற்றிக்கொண்ட ஓட்டை ஃபிரிட்ஜுகளை அங்கேதான் ஐஸ்பெட்டி அடுக்கி வைத்திருந்தான். பின்கதவு ஒரு சாண் திறக்கும், அதற்கு மேல் ஃபிரிட்ஜில் முட்டிக்கொள்ளும். அந்த ஒரு சாண் வழியாக அவள் செடியை மண்ணோடு உருவி வெளியே வீசிவிட்டுத் தொட்டியைக் கழுவி வைப்பாள். அடுத்த செடிக்கு வேண்டுமே.

சுவருக்கு அந்தப் பக்கம் டியூஷன் டீச்சர் வீடு. காலையிலிருந்து சாயங்காலம்வரை அணி அணியாகப் பிள்ளைகள், ஓயாமல் ஏசி. அந்த ஏசியை மாட்டியவன் ஐஸ்பெட்டிதான். அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பிள்ளைகளின் செருப்பையெல்லாம் நனைக்கிறது என்று டீச்சர் குறைப்பட்டபோது, நீளமாக ஒரு ஹோஸை மாட்டிச் சுவரைத் தாண்டித் தன் வீட்டுச் சந்துக்குள் விட்டிருந்தான். "எங்க பக்கம் விழட்டும் டீச்சர். அங்க யாரும் போறதில்ல" என்றான். அதுவும் நடந்து மூன்று வருடமாகிவிட்டது. அவன் மறந்தே போனான்.

மச்சான் வருடம் ஒரு செடியாவது பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுவார். கடைசி மூன்று செடிகள் அவர் தாமாகவே உண்டாக்கிய புது ரகம். எட்டு வருட உழைப்பு. என்ன நிறம் என்று கேட்டதற்கு, "பூத்தா தெரிஞ்சுக்குங்க. உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் வராது" என்றார். இருபத்தொன்பதும் முப்பதும் அவர் சொன்னபடியே நடந்துகொண்டன. முப்பத்தொன்றாம் நம்பர் வாசலில் ஆறு இலையோடு நின்றுகொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஐஸ்பெட்டியும் மனைவியும் வழக்கம்போல் நான்கு நாள் மலையூருக்குப் போனார்கள். நர்சரிக்கு வந்த ஒருவர், செடி செத்துவிட்டால் என்ன செய்வது என்று மச்சானிடம் கேட்டார். மச்சான் ஐஸ்பெட்டியின் தோளில் கை போட்டு, "இதோ நிக்கிறாரே என் மாப்பிள்ளை, இவர் கையில கொடுக்காத வரைக்கும் என் செடி சாகாது. அதுக்கு நான் கியாரண்டி" என்றார். கடையே சிரித்தது. அசடு வழிய ஐஸ்பெட்டியும் சிரித்தான். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். இருபத்தாறு வருடமாக இதே கிண்டலைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. கேலி புருஷனுக்கு, வலி அவளுக்கு.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் டீச்சர் வீட்டில் ஏசி ஃபில்டர் கழுவும் வேலை. டீச்சரின் மேசையில், கண்ணாடி டம்ளருக்குள் ஒரு ரோஜா. ஆரஞ்சு நிறம், இதழின் ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடு. ஐஸ்பெட்டி ஸ்டூலின் மேல் நின்றபடியே அதைப் பார்த்தான். பார்த்த கண்ணிலேயே திருட்டுப் புத்தி வந்துவிட்டது.

"டீச்சர், அந்தப் பூவை நான் எடுத்துக்கலாமா?"

டீச்சர் ஏனோ கொஞ்சம் நெளிந்தார். "என்னண்ணா இப்படிக் கேக்கறீங்க? உங்களுக்கு இல்லாததா? எடுத்துக்கங்க" என்றார்.

நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மோட்டார் சுற்றுகிற மெல்லிய செப்புக் கம்பியால் அந்தப் பூவை முப்பத்தொன்றாம் நம்பரின் உச்சியில் கட்டினான். கம்பி வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கம்பி தெரியாத கோணத்தில் நின்று போனில் படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பிவிட்டு, ஜெயித்த களைப்பில் கட்டிலில் சாய்ந்தான்.

மச்சான் கூப்பிட்டபோது அவர் குரலில் கிண்டலே இல்லை. ஐஸ்பெட்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"மாப்பிள்ளை, நான் நினைச்ச அதே நிறம். அதே சிவப்பு ஓரம். இங்ககூட இவ்வளவு நல்லா வரலை. எப்படிப் பண்ணினீங்க?"

நிறம் தெரியாமலேயே சரியான நிறத்தில் திருடியிருக்கிறோமே என்று ஐஸ்பெட்டி தன் அதிர்ஷ்டத்தை மெச்சிக்கொண்டான். "சும்மா, கைராசி" என்றான். மச்சானுக்குச் சந்தேகம் வந்ததே அப்போதுதான்.

"என் தங்கச்சிகிட்ட போனைக் கொடுங்க."

மனைவி அப்போதுதான் நூலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வாசலில் செடியின் தலையில் கம்பி கட்டிய பூவை ஏற்கெனவே பார்த்துவிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"இந்தா பாரு, உன் புருஷன் பேச்சை நான் நம்பத் தயாரா இல்ல. நீ சொல்லு, நம்பறேன். அந்தப் பூ உங்க வீட்டுல பூத்ததுதானா?"

ஐஸ்பெட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆமாண்ணா. எங்க வீட்டுல பூத்ததுதான்."

கண்ணைத் திறந்து பார்த்தான். அவள் ஸ்பீக்கரை அணைத்து, அண்ணன் மேலே சொன்னதைக் காதில் வைத்துக் கேட்டாள். போனை வைத்ததும், கழற்றிய செருப்பையே திரும்ப மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். தெருமுனைவரை நடந்து, அங்கே கொஞ்சம் நின்று, திரும்பி வந்தாள். முகம் கழுவிக்கொண்டு நேராக அவனிடம் வந்தாள்.

"எல்லார் முன்னாடியும் உங்களைப் பார்த்து அவன் சிரிக்கிறது எனக்குப் பொறுக்கலை. அதான் சொல்லிட்டேன். அண்ணன் அடுத்த மாசம் பூவைப் பார்க்க வர்றானாம். அதுக்குள்ள அந்தச் செடி பூக்கணும். பூக்கலைன்னா நீங்களே அவன்கிட்ட உண்மையைச் சொல்லணும். கடையில வாங்கிக் கட்டினீங்கன்னா நான் என் வாயாலேயே சொல்லிடுவேன். இன்னொரு பொய் என்னால ஆகாது."

"உங்க அண்ணன் இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட மலையை விட்டு இறங்கினதில்லையே! செடிங்களை யார் பார்த்துப்பாங்கன்னு சொல்லுவாரே!"

"இப்ப இறங்கறான். நான் சொன்னதாலதான் இறங்கறான்."

ஐஸ்பெட்டிக்கு அதுவரை விளையாட்டாக இருந்தது அப்போதுதான் உறைத்தது. அவன் பேர் கெட்டால் பரவாயில்லை, கெட வேண்டியது பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அவள் பேச்சை அண்ணன் இனி நம்ப மாட்டான் என்றால்? கூடப் பிறந்தவன் முகத்தை அவள் எப்படிப் பார்ப்பாள்? ஒரு பூவைக் கட்டப்போய் இவள் வார்த்தையையும் சேர்த்துக் கட்டிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அடுத்த முப்பத்தாறு நாள் அவன் பாதி நாள்கூட வேலைக்குப் போகவில்லை. நிழலுக்கு வலை கட்டினான். டேபிள் ஃபேன் வைத்தான். ஈரச்சாக்கை நான்கு பக்கமும் தொங்கவிட்டான். ஒரு வேளைக்கு இரண்டு வேளையாக, பிறகு மூன்று வேளையாகத் தண்ணீர் ஊற்றினான். அவன் கவனிக்கக் கவனிக்க இலையின் ஓரம் கருகியது. ஆறு இலை நான்காயிற்று, நான்கு இரண்டாயிற்று. கம்பியில் கட்டிய பூ என்றைக்கோ உதிர்ந்துவிட்டது. மச்சான் வருகிற நாளன்று தொட்டியில் நின்றது ஒரு குச்சி. முப்பத்தொன்றாவது.

மச்சான் பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கை கொடுத்த தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"இதுல உப்பு போட்டியா?"

"தண்ணிதாண்ணா."

"தண்ணியா? மாப்பிள்ளை, நீங்க குடிங்க." ஐஸ்பெட்டி குடித்தான். எப்போதும்போல்தான் இருந்தது. மனைவியும் குடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மச்சான் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "நாக்கு செத்துப்போச்சா ரெண்டு பேருக்கும்?" என்றார். பிறகு, "பூ எங்கே?" என்று எழுந்தார்.

வாசலுக்குப் போனார்கள். மச்சான் குச்சியைப் பார்த்தார். குனிந்தார். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார், துப்பினார். குச்சியின் உச்சிக்கு விரலைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். அங்கே அரை அங்குலச் செப்புக் கம்பி பளபளத்தது. முப்பத்தாறு நாள் செடியைத் தாங்கித் தாங்கிப் பார்த்தவன் அந்தக் கம்பியை எடுக்க மறந்திருந்தான்.

"இது என்ன மாப்பிள்ளை, ரோஜாவுக்கு ஒயரிங் பண்ணியிருக்கீங்க?"

மனைவி வாயைத் திறந்தாள். ஐஸ்பெட்டி முந்திக்கொண்டான்.

"மச்சான், நான் கட்டினது அது. இந்தச் செடி பூக்கவே இல்ல. இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பூத்ததில்ல. வேற ஒருத்தர் வீட்டுப் பூவைக் கட்டிப் படம் எடுத்தேன். இவ பொய் சொல்ற ஆள் இல்லைன்னு உங்களுக்கே தெரியும். எனக்காகச் சொன்னா. என்னை என்ன வேணா திட்டுங்க. இவளை ஒண்ணும் சொல்லாதீங்க, இவ பேச்சை நம்பாம மட்டும் இருந்துடாதீங்க."

ஒரே மூச்சில் சொன்னான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு நீளமாக உண்மை பேசியது அதுதான் முதல் தடவை. மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மச்சான் திட்டவில்லை. போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கி உற்றுப் பார்த்தார்.

"கட்டினது சரி. இந்தப் பூ எங்கேர்ந்து வந்தது?"

"பக்கத்து வீட்டு டீச்சர் கொடுத்தாங்க."

"அவங்களுக்கு எப்படிக் கிடைக்கும்? இது என் பூ. இந்தச் சிவப்பு ஓரம் வேற எதுலயும் வராது. உங்களுக்கு அனுப்பின மூணு செடியைத் தவிர இது என் நர்சரிக் கேட்டைத் தாண்டினதே இல்ல."

மூவரும் டீச்சர் வீட்டுக்குப் போனார்கள். மேசையில் அன்றைக்கும் ஒன்று இருந்தது. டீச்சர் இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"நான் சொல்லணும்னுதான் இருந்தேன் அண்ணா. கேக்காம பறிச்சது தப்புதான். எட்டு மாசமா பூக்குது, நீங்க யாரும் பறிக்கிற மாதிரி தெரியலை. எங்க ஜன்னல் பக்கமாத்தானே எட்டிப் பார்க்குதுன்னு..."

"எது டீச்சர்?"

"உங்க வீட்டு ரோஜாதான்."

டீச்சர் ஜன்னலின் கனத்த திரையை விலக்கினார். காம்பவுண்டுச் சுவருக்கு மேல், அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கிளைகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் மொட்டு. மற்றொன்றில், ஓரம் சிவந்த ஆரஞ்சு நிறத்தில், அன்று காலை விரிந்த பூ.

ஐஸ்பெட்டி ஓடினான். ஐம்பத்து மூன்று வயதில், முழங்கால் வலிக்காரன், தன் வீட்டுக்குள் புகுந்து ஓடினான். பின்கதவைத் தள்ளினான், ஒரு சாண் திறந்து முட்டிக்கொண்டது. மச்சானும் அவனும் சேர்ந்து தள்ளினார்கள். முதல் ஃபிரிட்ஜ் நகர்ந்தது. இரண்டாவதைச் சாய்த்துத் தள்ளினார்கள். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில், இரண்டு ஓட்டைப் பெட்டிகளும் அனல் காற்றை மறித்துக்கொண்டு நிற்க, ஆளுயரத்துக்கு அந்தச் செடி நின்றது. அதன் காலடியில், டீச்சர் வீட்டு ஹோஸின் நுனியிலிருந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

அடித்தண்டில் மச்சான் கட்டிய ஒட்டுத் துணியின் கிழிசல் இன்னும் இருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஹோஸின் அடியில் உள்ளங்கையைக் காட்டினார். சேர்ந்ததை வாயில் விட்டுச் சப்பிப் பார்த்தார்.

"உப்பே இல்ல" என்றார். "காத்துல இருக்கற ஈரம்தானே இப்படிச் சொட்டுது, இதுல உப்பு எங்கேர்ந்து வரும்? மாப்பிள்ளை, நீங்க ஊத்தி ஊத்தித்தான் முப்பதையும் கொன்னிருக்கீங்க. இலை ஓரம் கருகினது வெயில் இல்ல, உங்க ஊர்த் தண்ணி. எவ்வளவு பாசமா ஊத்தினீங்களோ அவ்வளவு சீக்கிரம் செத்திருக்கு. இது ஒண்ணு மட்டும் உங்க கையிலேர்ந்து தப்பிச்சு வந்து பொழைச்சிருக்கு."

ஐஸ்பெட்டி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஊரில் இருக்கிற ஏசிகளில் பாதி அவன் மாட்டியவை. ஒவ்வொன்றிலிருந்தும் குடம் குடமாகச் சொட்டுவதைத் தன் கையாலேயே குழாய் போட்டுச் சாக்கடைக்கு விட்டவன் அவன். "தண்ணி சொட்டுது" என்று யார் கூப்பிட்டாலும், "அது வேஸ்ட் தண்ணிங்க, வெளிய தள்ளிடலாம்" என்பான். ரோஜாவுக்கு வேண்டியதை ஊர் முழுக்கக் கொட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து உப்பை ஊற்றியிருக்கிறான்.

சிரிப்பு முதலில் மச்சானுக்குத்தான் வந்தது. ஃபிரிட்ஜின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது இருபத்தொன்பதாம் நம்பர்" என்றாள். "நான்தான் வீசினேன். செத்துடுச்சுன்னு நினைச்சு வீசினேன்." பிறகு அண்ணனைப் பார்த்தாள். "அண்ணா, அன்னிக்கு போன்ல நான் என்ன சொன்னேன்?"

"எங்க வீட்டுல பூத்ததுதான்னு சொன்னே."

"நான் சொன்னது பொய்யா?"

மச்சான் சிரிப்பை நிறுத்தினார். "இல்ல" என்றார். "உனக்குப் பொய் வராதுன்னு எனக்குத் தெரியாதா?"

முப்பத்தாறு நாளாக அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று விலகியது. ஐஸ்பெட்டி அதைப் பார்த்தான். இருபத்தாறு வருடத்துக்கு முன் கதவோரம் நின்று சிரித்தாளே, அதே சிரிப்பு. இந்த முகத்தைப் பார்த்துத்தானே வாயைக் கொடுத்தோம், கொடுத்ததில் தப்பே இல்லை என்று நினைத்தான்.

மச்சான் குளிக்கப் போனார், அந்தத் தண்ணீரைத் திட்டிக்கொண்டே. ஐஸ்பெட்டி இரண்டு ஃபிரிட்ஜுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். தன் வீட்டில் பூத்த பூவை இப்போதுதான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்க்கிறான். தொட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து, தொழில் பழக்கத்தில் புறங்கையை மெல்ல அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். குளிர்ச்சியாக இருந்தது.

உள்ளே போன் அடித்தது. பேக்கரிக்காரரின் ஃப்ரீசர் காலையிலிருந்து நின்றுகிடக்கிறது. இது நான்காவது அழைப்பு. மனைவி போனைக் காதில் வைத்தபடி பின்கதவுக்கு வந்தாள். அந்தப் பக்கம் கத்துவது இங்கேவரை கேட்டது. ஐஸ்பெட்டி திரும்பிப் பார்க்கவில்லை, ஜாடையும் காட்டவில்லை. எழுந்துதான் ஆக வேண்டும் என்று ஒரு கையை ஊன்றினான். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவனுக்குத் தெரியாதா?

அவள் அவனையும் அவன் மூக்குக்கு நேராக ஆடிக்கொண்டிருந்த பூவையும் பார்த்தாள்.

"அவர் வீட்டுல இல்லைங்க" என்றாள். "எப்ப வருவார்னு தெரியலை."

இருபத்தாறு வருடத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது.